பௌர்ணமி வாரக்கடைசி, கொங்கண் கரை: சிப்பி கொத்திச் சமைக்க யோசனை சொல்லுங்கள்

நெருள் நாடோடி:
வணக்கம் மக்களே. ஜனவரி பௌர்ணமியை ஒட்டி அலிபாக் பக்கம் கூடாரம் போடப் போகிறோம். மும்பைப் பக்கம் நெருள், செம்பூர், முலுண்ட் என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து கிளம்புகிற கோஷ்டி. பாவ்ச்சா தக்காவில் ரோ-ரோ படகில் காரை ஏற்றி மாண்ட்வாவில் இறங்குவதாகத் திட்டம். எப்போதும் போல மசாலா தடவிய கோழியைக் கரியில் சுட்டுவிட்டு வராமல், பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை நாமே எடுத்து அங்கேயே சமைக்கலாம் என்று ஆசை. ரேவ்தண்டா முகத்துவாரத்தில் சிப்பி அப்பிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். எந்த நேரம் இறங்குவது, எதை வைத்து எடுப்பது, எப்படிச் சமைப்பது? கூட வருகிற ஒருத்தன் எலுமிச்சை பிழிந்து பச்சையாகத்தான் சாப்பிடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவனுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.

சயான் கோலிவாடா:
தம்பி, முதலில் நேரத்தைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் பக்கத்து வீட்டு மாவ்ஷி (மராட்டியில் சித்தி), கோலி என்கிற மீனவர் சமூகம், கடிகாரம் பார்த்துக் கடலுக்குப் போனதே இல்லை, திதி பார்த்துத்தான் போவார். கணக்கு சுலபம். திதியில் முக்கால் பங்கு எடுத்தால் கடல் முழுசாக ஏறி நிற்கும் மணி கிடைக்கும். துவிதியை என்றால் இரண்டில் முக்கால், ஒன்றரை. ஒன்றரை மணிக்கு ஏறி நிற்கிற கடல், அதற்கு ஆறேகால் மணி நேரம் முன்னால், அதாவது காலை ஏழு ஏழேகாலுக்கு, அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். பௌர்ணமி அன்றைக்கே போனால் விடியும் முன்பே வற்றிவிடும். ஜனவரியில் இங்கே சூரியன் ஏழு தாண்டித்தான் எழும்புகிறது. டார்ச் வெளிச்சத்தில் பாசி படிந்த பாறையில் ஏறி இடுப்பை உடைத்துக்கொள்ளாதீர்கள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்துப் போனால் வெளிச்சமும் இருக்கும், வற்றும் இருக்கும்.

அஷ்டமி நவமி பக்கம் போகவே போகாதீர்கள். நடுப்பகலில் வற்றும் என்று ஆசையாக இருக்கும், ஆனால் கடல் அரைகுறையாக இறங்கி நின்றுவிடும். சிப்பி இருக்கிற பாறை பாதிக்கு மேல் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும்.

இன்னொன்று, நம் ஊர்க் கடல் நினைப்பில் போகாதீர்கள். தூத்துக்குடி, சென்னைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுற்றித்தான். இங்கே பௌர்ணமி அமாவாசையில் நாலு மீட்டருக்கு மேல் போகும். திரும்பி ஏற ஆரம்பித்து முதல் ஒரு மணி நேரம் சும்மா இருப்பது போலத் தெரியும். மூன்றாவது நான்காவது மணியில்தான் விறுவிறுவென்று வரும். உங்களுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தால் முதலில் அதுதான் நிரம்பும். வற்று முடிந்து அரை மணிக்குள் பையை மூடிவிட்டுத் திரும்ப வேண்டும்.

குமரிக் கரை:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கம் குளச்சல், கடியபட்டணத்தில் பாறையில் எடுப்பது வேறு ஜாதி. பழுப்பு ஓட்டுச் சிப்பி, நார் விட்டுப் பாறையைப் பிடித்திருக்கும், முங்கிப் பிடுங்க வேண்டும். நீங்கள் கேட்கிறது ஓடே பாறையோடு சிமென்ட் போட்ட மாதிரி ஒட்டிக் கிடக்கிற ஆய்ஸ்டர். எடுக்கிற முறையும் வேறு, சமைக்கிற முறையும் வேறு. ஆனால் ஆபத்து ரெண்டுக்கும் ஒன்றுதான், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சயான் கோலிவாடா:
எடுக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் ரெண்டு வகை பார்க்கலாம். திறந்த கடலோரப் பாறையில் இருப்பது சின்னது, ஓட்டு விளிம்பு பல்லுப் பல்லாக மடிந்திருக்கும். அதைப் பெயர்க்க முயன்றால் ஓடு நொறுங்கும், சதை முழுக்கச் சில்லு. மாவ்ஷி அதைப் பெயர்க்கவே மாட்டார். மரப்பிடி போட்ட ஒரு சின்ன இரும்புக் கொத்தி வைத்திருப்பார். உட்கார்ந்த வாக்கில் ஓட்டின் மூட்டுப் பக்கம் ஒரு தட்டு, மேல் ஓடு மூடி மாதிரி எழும்பும், கொத்தியின் முனையால் சதையை வழித்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார். கீழ் ஓடு பாறையிலேயே இருக்கும். அடுத்த தலைமுறைக் குஞ்சு வந்து ஒட்டுவதற்கு அந்த ஓடுதான் நல்ல இடம்.

கழிமுகத்து ஓரங்களில் நீளமாக, கை அளவுக்குக் கொத்துக் கொத்தாக வளர்வது இன்னொன்று. கரியில் முழுசாக வைத்துச் சுட வேண்டுமானால் அதுதான் சரி. ஒரு உளியால் கொத்தைப் பிரித்து எடுக்கலாம்.

கால் ரொம்ப முக்கியம் தம்பி. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போனால் அது முதல் அலையோடு போய்விடும். தடித்த அடி வைத்த பழைய ஷூ போடுங்கள். கைக்கு, கட்டட வேலைக்காரர்கள் போடுகிற ரப்பர் பூசிய கையுறை.

தொண்ணூறடி ரோடு:
எல்லாரும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? காலேஜ் நாளில் பாந்திரா பாண்ட்ஸ்டாண்ட் பாறையில் உடைத்து, எலுமிச்சை, பச்சை மிளகாய், ஒரு மடக்கு ரம் என்று அங்கேயே உள்ளே தள்ளியிருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சைப் புளிப்பிலேயே கிருமி செத்துவிடும்.

ஊசி மருந்து:
சாகாது. எலுமிச்சைக்கும் சாகாது, மிளகாய்க்கும் சாகாது, ரம்முக்கும் சாகாது. சூடு ஒன்றுதான் வழி.

சிப்பி கடல் நீரை மணிக்குப் பல லிட்டர் இழுத்து வடிகட்டித் தின்னும் உயிர். தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் வயிற்றில் சேரும். மீனில் குடலை எடுத்து எறிகிறோம், சிப்பியைக் குடலோடு சாப்பிடுகிறோம். மும்பையின் கழிவுநீரை வொர்லியிலும் பாந்திராவிலும் கடலுக்கு அடியில் குழாய் போட்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் உள்ளே கொண்டுபோய் விடுகிறார்கள். அது போக நாலாக்களில், அதாவது சாக்கடைக் கால்வாய்களில், நேராக வருவது வேறு. அந்தப் பாறையில் எடுத்த சிப்பியை நான் வேகவைத்தும் சாப்பிட மாட்டேன்.

"ஒன்றும் ஆகவில்லை" என்கிறீர்கள். ஹெப்படைட்டிஸ் ஏ வெளியே தெரிய இரண்டு முதல் ஏழு வாரம் ஆகும். ஒரு மாதம் கழித்துக் கண் மஞ்சளானால் பாண்ட்ஸ்டாண்ட் ஞாபகமா வரும்? பானிபூரிக்காரர் மேல்தான் பழி போடுவீர்கள்.

ஷாங்காயில் 1988ல் நடந்தது தெரியுமா? சுமார் மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை, ஒரு கிளிஞ்சல் வகையிலிருந்து. அதைப் பச்சையாகக் கூடத் தின்னவில்லை. கொதிநீரில் முக்கி, ஓடு வாயைத் திறந்ததும் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஓடு திறப்பது வெந்ததற்கு அடையாளம் இல்லை, வேக ஆரம்பித்ததற்குத்தான் அடையாளம்.

நெருள் நாடோடி:
டாக்டர் சார், அப்படியானால் ஃபிரான்சில் டஜன் கணக்கில் பச்சையாகச் சாப்பிடுகிறார்களே என்று நம்ம ஆள் கேட்கிறான்.

ஊசி மருந்து:
கேட்கட்டும். அங்கே சிப்பி வளர்க்கிற கடல் பகுதிகளுக்குத் தரவரிசை உண்டு. 100 கிராம் சதையில் ஈ.கோலை என்கிற குடல் கிருமி 230க்குள் இருந்தால்தான் நேராகச் சாப்பாட்டுக்கு அனுப்ப முடியும். அதற்கு மேல் இருந்தால் சுத்த நீரில் வைத்துச் சுத்திகரித்த பிறகுதான் விற்கலாம். அத்தனையும் இருந்தும் அங்கேயும் வாந்திபேதி தரும் நோரோவைரஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் நண்பர் நிற்கப்போகிற பாறைக்கு யார் தரம் போட்டார்கள்?

சரி, சமைக்கிற அளவு சொல்கிறேன். ஓட்டோடு கொதிக்க வைத்தால், ஓடு திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்க வேண்டும். ஆவியில் என்றால் நாலு முதல் ஒன்பது நிமிடம். உடைத்து எடுத்த சதை என்றால் குறைந்தது மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், ஓரம் சுருண்டிருக்க வேண்டும். திறக்காததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கத்தி வைத்து நெம்பிப் பார்க்காதீர்கள்.

ஈரல் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் கோஷ்டியில் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. விப்ரியோ என்று ஒரு கிருமிக் குடும்பம், வெதுவெதுப்பான கடல் நீரில் தானாகவே வாழும், சாக்கடையே தேவையில்லை. வாய் வழியாக மட்டுமல்ல, சிப்பி ஓடு கீறிய காயம் வழியாகவும் போகும். கீறல் பட்டால் அங்கேயே குடிநீரால் நன்றாகக் கழுவிச் சோப்புப் போடுங்கள். காயம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குமரிக் கரை:
நான் எழுதுகிறேன் என்று சொன்னது இதைத்தான். டாக்டர் சொன்ன சூடு கிருமிக்கு வேலை செய்யும். கடலில் ஒரு வகை நுண்பாசி பெருகும்போது சிப்பிக்குள் சேருகிற நஞ்சு இருக்கிறதே, அது எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. எங்களுக்குப் பக்கத்து விழிஞ்ஞத்தில் 1997ல் சிப்பி தின்று ஏழு பேர் இறந்தார்கள், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்கு முன்னால் 1981ல் நம் தமிழ்நாட்டிலேயே வாயலூரில் மட்டி தின்று மூன்று பேர். அவர்கள் யாரும் பச்சையாகத் தின்றவர்கள் இல்லை, வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்கள்.

தண்ணீர் நிறம் மாறியிருந்தால், மீன் செத்து ஒதுங்கியிருந்தால், எடுக்காதீர்கள். இரவில் அலை நீலமாக மினுங்குவதைப் பார்த்துக் கூடாரக்காரர்கள் ஆகா ஓகோ என்று படம் எடுப்பார்கள். அந்த மினுக்கம் எல்லாமே நஞ்சு என்று சொல்லவில்லை, ஆனால் ஏதோ ஒரு பாசி ஏகத்துக்குப் பெருகியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு உதடும் நாக்கும் மரத்துப்போனால் ஒரு நிமிடம் கூட யோசிக்கக் கூடாது.

தானா கெமிக்கல்:
யாரும் ரேவ்தண்டாவைப் பற்றிப் பேசவில்லையே! அந்த முகத்துவாரத்தில் வந்து விழுவது குண்டலிகா ஆறு. மேலே ரோஹா, தாட்டாவ் தொழிற்பேட்டை, பெரும்பாலும் இரசாயன ஆலைகள். நான் அந்தத் துறையில் இருப்பவன், அதனால் சொல்கிறேன். கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். உலோகத்தைக் கொதிக்க வைத்தால் சூடான உலோகம்தான் கிடைக்கும். மீன் நீந்திப் போய்விடும், சிப்பி குஞ்சிலிருந்து சாகும்வரை ஒரே இடம்.

அதே காரணத்துக்காகத் துறைமுக வாசலையும் தவிர்க்கலாம். 2010 ஆகஸ்டில் எம்.எஸ்.சி. சித்ரா கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது அலிபாக் கரை வரை கறுப்பாக ஒதுங்கியது. இன்றைக்கு அது இருக்காது, ஆனால் அந்தக் கரை எதற்கெல்லாம் பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னும் தெற்கே போங்கள். தாபோலி, குஹாகர் பக்கம் பெரிய ஆலை இல்லாத, ஊர்ச் சாக்கடை விழாத, அலை நேராக வந்து அடிக்கிற பாறையாகப் பாருங்கள். ஆனால் மால்வண் வரை போய்விட்டு அங்கே கொத்தியைக் கையில் எடுக்காதீர்கள். அங்கே 1987லிருந்து கடல் சரணாலயம் இருக்கிறது.

மாட்டுங்கா மாமா:
நான் சைவம், ஆனாலும் இந்த இழையை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். கூடாரத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்காததால் நானே சொல்கிறேன். கொங்கண் கரையில் சவுக்குத் தோப்புக்கு உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். கீழே மெத்தை மாதிரி விழுந்து கிடக்கிற சவுக்கு ஊசி பட்டென்று பிடிக்கும். ஏற்றக் கோட்டுக்கு மேலே, வெறும் மணலில் பள்ளம் தோண்டி மூட்டுங்கள். ஏற்றக் கோடு எது என்று காய்ந்த பாசியும் குப்பையும் கோடு போட்டுக் காட்டும். பௌர்ணமி ராத்திரி அதையும் தாண்டி வரும், பத்தடி கூடுதலாகத் தள்ளிப் போடுங்கள். காய்ந்த தென்னை மட்டை ஜோராக எரிந்து அணைந்துவிடும், சமையலுக்கு உதவாது. தேங்காய் ஓடும் சவுக்கு விறகும்தான் கனலாக நிற்கும்.

நெருள் நாடோடி:
மாமா, உங்களுக்கு அங்கே தயிர்சாதம் உறுதி, வருகிறீர்களா? மக்களே, திட்டத்தை மாற்றிவிட்டோம். ரோ-ரோ வேண்டாம், நேராகத் தாபோலி பக்கம். கோலிவாடா அக்கா, சமையல் பாகத்தை எழுதிவிடுங்கள்.

சயான் கோலிவாடா:
ஓட்டோடு சுடுவது சுலபம். கனலின் மேல் கம்பி வலை, அதன்மேல் சிப்பியைக் குழிந்த ஓடு கீழே வருமாறு அடுக்க வேண்டும். கவிழ்த்தால் உள்ளே இருக்கிற நீர் எல்லாம் நெருப்புக்குப் போய்விடும். மேலே கடல் நீரில் நனைத்த சணல் சாக்கு. சிப்பியும் வேகும், ஓட்டுச் சில்லு தெறித்துக் கண்ணில் விழுவதும் நிற்கும். ஆய்ஸ்டர் மட்டி மாதிரி வாயைப் பிளக்காது, நகம் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கும். திறந்த பிறகும் டாக்டர் சொன்ன நிமிடங்கள் சாக்குக்குள்ளேயே கிடக்கட்டும். அப்புறம் கத்தியை மேல் ஓட்டை ஒட்டியே நுழைத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசையை அறுத்தால் மூடி கையோடு வரும். மிளகுத்தூள், உருக்கிய வெண்ணெயில் பொரித்த பூண்டு, போதும்.

கொத்தி எடுத்த சின்னச் சிப்பிக்கு மாவ்ஷி செய்வதுதான் எனக்குப் பிடித்தது. சதையை நல்ல தண்ணீரில் அலசித் தொலைக்காதீர்கள். அதோடு வந்த நீரைத் துணியில் வடிகட்டித் தனியாக வையுங்கள். சதையை ஒவ்வொன்றாக விரலில் உருட்டிச் சில்லு எடுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டால் சாப்பிடும்போது பல் சொல்லும். எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம் நிறைய, அது சிவந்ததும் மஞ்சள், மால்வணி மசாலா. சதையைப் போட்டு, வடிகட்டிய நீரை ஊற்றி, ரெண்டு கோகம் (புளிப்புக்குப் போடும் காய்ந்த பழத்தோல்) கிள்ளிப் போட்டுக் கொதிக்க விடுங்கள். நீர் சுண்டியதும் துருவிய தேங்காய், கொத்தமல்லி. உப்பை முதலில் போடவே போடாதீர்கள். கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்தால் பாதி நாள் உப்பே தேவைப்படாது.

அதிகம் வெந்தால் ரப்பர் ஆகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் சவசவ என்றுதான் இருக்கும். இருக்கட்டும். பக்கத்து ஊரில் அரிசி பாக்ரி (அரிசி மாவு ரொட்டி) கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தச் சுக்காவுக்குச் சோறு ஒத்துவராது.

குமரிக் கரை:
அக்கா, வடிகட்டிய நீரில் பாதியை எனக்கு விடுங்கள். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளி ரசம் மாதிரி கொதிக்க வைத்தால் கடற்கரைக் குளிருக்கு அதை மிஞ்ச ஆளில்லை. புளி வேண்டாம்.

நெருள் நாடோடி:
போய்விட்டு வந்தாயிற்று மக்களே. கேட்டவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

திதிக் கணக்கு பிசகவில்லை. கிருஷ்ண துவிதியை காலை ஏழு மணிக்குப் பாறை முழுக்க வெளியே நின்றது. எங்களுக்கு முன்பே ஊர்ப் பெண்கள் அங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். வணக்கம் சொல்லி, இங்கே எடுக்கலாமா என்று எங்கள் அரைகுறை மராட்டியில் கேட்டோம். ஒரு மாவ்ஷி சிரித்துவிட்டு, கிராமத்துப் பக்கம் நீர் வடிகிற ஓடையைக் கையால் காட்டி, அதற்கு அந்தப் பக்கம் எடுக்காதே, இந்தப் பக்கம் எடு என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே உள்ளூர்க்காரர்களிடம் கேட்க வேண்டும்.

அவர் தட்டிய வேகத்தைப் பார்த்தேன். மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. டக் என்று ஒரு சத்தம், மேல் ஓடு நழுவி விழ, உள்ளே சாம்பல் நிறச் சதை, ஓரத்தில் கறுப்பு ஜரிகை, முத்து மாதிரி மின்னுகிற ஓட்டுக்குள் ஒரு ஸ்பூன் நீர். எங்கள் ஆட்கள் தட்டியதில் பாதிக்குப் பாதி ஓடு நொறுங்கித் தூளானது. பாறை நிறைய சிப்பி இருந்தும், எல்லாரும் சேர்ந்து எடுத்தது ஒரு எவர்சில்வர் டம்ளர் தேறவில்லை. மிச்சத்தை அந்த மாவ்ஷியிடமே காசு கொடுத்து வாங்கினோம். அவர்கள் பிழைப்புக்கு எடுக்கிற இடத்தில் நாம் விளையாட்டுக்கு எடுக்கிறோம், அப்படி வாங்குவதுதான் நியாயம் என்றும் பட்டது.

ஓட்டோடு சுடுகிற பெரிய வகை கிடைக்கவில்லை, தேடிக் கழிமுகத்துக்குள் போகவும் இல்லை. சுக்கா மட்டும்தான். அக்கா, உப்பு போடவே இல்லை, அப்படியும் சரியாக இருந்தது. குமரி அண்ணன் ரசம்தான் முதலில் தீர்ந்தது.

பச்சையாகச் சாப்பிடுவேன் என்றவன் டாக்டர் எழுதியதைக் கூடாரத்தில் படித்தானாம். சுக்காவையே இன்னும் அஞ்சு நிமிஷம் வையுங்கள் என்று அடுப்பை விட்டு நகரவில்லை.

தொண்ணூறடி ரோடு:
என்னைத்தான் குத்துகிறீர்கள், புரிகிறது. ஒரு சந்தேகம். அம்மாவுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டுமானால் தாங்குமா? தாபோலியிலிருந்து தாராவி வர எப்படியும் ஆறேழு மணி நேரம் ஆகும்.

சயான் கோலிவாடா:
தாங்கும். உடைத்த சதையை அதன் நீரோடேயே மூடி போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவை ஐஸ் பெட்டியில் புதைத்துக் கொண்டு வா. வழியில் ஐஸ் கரைந்தால் நீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் போடு. ஓட்டோடு என்றால் ஈரச் சாக்கில் சுற்றி, ஐஸ் நீர் படாமல் மேல்தட்டில் வை. நல்ல தண்ணீர் வாளியில் போட்டால் செத்துவிடும், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினாலும் செத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் வாய் பிளந்து கிடப்பதைத் தட்டிப் பார். மூடிக்கொண்டால் உயிரோடு இருக்கிறது, மூடாததைத் தூக்கிப் போடு. எப்படிக் கொண்டு வந்தாலும் அன்றைக்கு ராத்திரியே சமைத்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்காதே. ஜூன் பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மழையில் ஊர் அழுக்கெல்லாம் கடலுக்கு வரும், அலையும் விடாது. மாவ்ஷியே கொத்தியைத் துடைத்துப் பரணில் போட்டுவிடுவார்.